149 ரூபாய் சந்தாவும் நம் பிள்ளைகளின் சேனல் வருமானமும்

வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் இருக்கும் ஒரு குடும்பம் யூடியூப் பிரீமியம் சந்தாவாக மாதம் 149 ரூபாய் கட்டுகிறது. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அந்த வீட்டு மகன் அதே சேவைக்கு அந்நாட்டுப் பணத்தில் கட்டுவது இதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். அமெரிக்காவில் இருக்கும் மாமா அதைவிடவும் கூடுதலாகக் கட்டுகிறார். ஒரே சேவைக்கு மூன்று விலையா, இது நியாயமா என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள். விபிஎன் போட்டு ஊர் விலைக்கே வாங்கிக்கொண்டால் என்ன என்பது அடுத்த கேள்வி.

மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. அந்தப் பணத்தில் வீடியோ போடுபவருக்கு எவ்வளவு போகிறது? கானா, கால்பந்து, காசிமேட்டு மீன், பிரியாணி, தஜ்வீத் பாடம் என்று வட சென்னையில் சேனல் நடத்துபவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனவே இது நம் வீட்டுக் கணக்கும்தான்.

முதலில் விலையைப் பார்ப்போம். இந்தியாவில் 129 ரூபாயாக இருந்த தனிநபர் சந்தா 2024 ஆகஸ்டில் 149 ஆனது. அமெரிக்காவில் 2023 ஜூலையில் அது 13.99 டாலராக உயர்த்தப்பட்டிருந்தது. ஒரு டாலருக்கு 84 ரூபாய் என்று வைத்தால் 1,175 ரூபாய் ஆகிறது. நாம் கட்டுவது அதில் எட்டில் ஒரு பங்கு. கேட்பதற்கு நமக்கு ஏதோ தர்மம் செய்வதுபோல் இருக்கும்.

கூலியை வைத்துக் கணக்குப் போட்டால் படம் மாறுகிறது. அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் அது மாறவில்லை. அந்தக் கூலி வாங்குபவர்கூட இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான உழைப்பில் ஒரு மாதச் சந்தாவைக் கட்டிவிடலாம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் 2024-25 கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். அது கிராமத்துக்கான திட்டம், வியாசர்பாடிக்குப் பொருந்தாது. அரசு அறிவித்த கணக்கு என்பதால் எடுத்துக்கொள்கிறோம். 149 ரூபாய் என்பது அதில் கிட்டத்தட்ட அரை நாள் கூலி. விலை எட்டில் ஒரு பங்காக இருந்தும் நம்மவர் சிந்தும் வியர்வைதான் அதிகம்.

இதை அளக்கப் பொருளாதார அறிஞர்கள் 'வாங்கும் சக்தி' என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். உலக வங்கியின் கணக்குப்படி, அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருட்களை இங்கே வாங்கச் சுமார் 20 ரூபாய் போதும். அந்த விகிதத்தில் 13.99 டாலர் என்பது 280 ரூபாய். யூடியூப் அதையும்விடக் குறைத்தே விற்கிறது என்றால் அதற்குக் காரணம் கருணை அல்ல. இன்னும் ஒருவருக்கு வீடியோ காட்ட நிறுவனத்துக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். இங்கே 1,175 ரூபாய் கேட்டால் வாங்க ஆள் இருக்காது. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தன் இந்திய மொபைல் சந்தாவை 199-லிருந்து 149 ஆகவும், அடிப்படைச் சந்தாவை 499-லிருந்து 199 ஆகவும் இறக்கியதும் இதே வியாபாரக் கணக்கில்தான்.

துறைமுகத்தை நம்பி வாழும் வட சென்னைக்காரர்களுக்கு இரட்டை விலை புதிதல்ல. நாட்டின் பெரிய துறைமுகங்களில் வெளிநாடு செல்லும் கப்பலுக்கான கட்டணம் டாலரில் நிர்ணயிக்கப்படுகிறது. இந்தியக் கரையோரமாக மட்டும் ஓடும் கப்பலிடம் அதில் 60 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. துறையும் இழுவைப் படகும் ஒன்றுதான், கட்டுபவரின் சக்தி வேறு.

மார்க்கத்திலும் இதற்கு வெளிச்சம் உண்டு. மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்ற செய்தி திர்மிதியிலும் அபூதாவூதிலும் பதிவாகியிருக்கிறது. பதுக்கல் போன்ற அநீதி நடக்கும்போது அதிகாரிகள் தலையிடலாம் என்று இமாம் இப்னு தைமிய்யா போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். வாங்குபவரும் விற்பவரும் மனம் ஒப்பி முடிக்கும் விலை ஆளுக்கு ஆள் வேறுபடலாம். ஆனால் வியாபாரத்தில் ஏமாற்றுவதற்கு அனுமதி இல்லை.

விபிஎன் கேள்வி சிக்கலாவது இங்கேதான். ஷார்ஜாவில் இருந்துகொண்டு சென்னையில் இருப்பதாகக் காட்டி வாங்குவது, இல்லாத ஒன்றைச் சொல்லி விலை குறைப்பதாகும். நாம் ஃபத்வா கொடுக்கவில்லை. உங்கள் ஜமாஅத் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடைமுறையிலும் இதில் ஆபத்து உண்டு. இப்படி வேறு நாட்டு விலையில் வாங்கிய சந்தாக்களை யூடியூப் 2024 ஜூன் வாக்கில் ரத்து செய்யத் தொடங்கியது. குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ விபிஎன் பயன்படுத்துவதற்கு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தில் கடும் அபராதம் இருக்கிறது. குடும்பச் சந்தாவும் ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு உரியது. வெளிநாட்டில் இருக்கும் மகன் நம் வீட்டுப் பிள்ளைதான் என்றாலும், சந்தா விதியின் கணக்கில் அவர் வேறு வீடு.

"கூகுளுக்குத்தானே நஷ்டம், அது பெரிய கம்பெனி" என்பார்கள். அது முழு உண்மையல்ல. பிரீமியம் சந்தாவில் வீடியோக்களுக்கென ஒதுக்கப்படும் வருவாயில் 55 விழுக்காடு சேனல்காரர்களுக்குப் போகிறது. சந்தாதாரர்கள் எந்த சேனலை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து அது பிரிக்கப்படுகிறது. 149 ரூபாயில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அடக்கம், அது போக மிஞ்சுவது சுமார் 126 ரூபாய். வளைகுடா விலை கட்ட வேண்டியவர் ஊர் விலை கட்டும்போது சேனல்களுக்குப் பிரிக்க வேண்டிய தொகையும் சேர்ந்தே குறைகிறது. அந்த ஆள் பார்ப்பது பெரும்பாலும் தமிழ் சேனல்கள்தானே!

விளம்பர வருமானமும் பார்ப்பவரின் நாட்டைப் பொறுத்ததுதான். விளம்பர இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது. துபாயில் இருப்பவருக்கு ஒரு பொருளைக் காட்ட விளம்பரதாரர் கொடுக்கும் விலையை பெரம்பூரில் இருப்பவருக்குக் கொடுப்பதில்லை. பாட்டுத் தளங்களிலும் இதே கதை (இசை பற்றிய மார்க்க விவாதம் தனி). ஸ்பாட்டிஃபை ஒவ்வொரு நாட்டின் வருவாயையும் அந்தந்த நாட்டில் கேட்கப்பட்ட அளவின்படி பிரிக்கிறது. நாகூர் ஹனிபாவின் அதே பாட்டை வியாசர்பாடியில் கேட்பதைவிட சிங்கப்பூரில் கேட்டால் உரிமையாளருக்கு அதிகம் கிடைக்கும். 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசே கிடையாது.

சந்தா விலையை நம் கூலிக்கு ஏற்பக் குறைத்ததை நியாயம் என்றே சொல்வோம். ஆனால் சேனல்காரருக்குப் பணம் கொடுக்கும் இடத்தில் அந்த நியாயம் காணாமல் போகிறது. தி. நகர் கடைக்காரர் விளம்பரத்துக்குக் கட்டுவது ரூபாய், அதைப் பார்ப்பவரும் சென்னைக்காரர். அந்த வருமானம் யூடியூப் கணக்கில் டாலராக மாறி, டாலராகவே வங்கிக்கு வந்து, வங்கியின் வாங்கும் விலையில் மறுபடி ரூபாயாகிறது. இந்த மாற்றத்தில் கழிவது சேனல்காரரின் பணம்.

அதுவும் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிக்காரருக்கு 100 டாலர் என்பது 14 மணி நேர உழைப்பு. நமக்கு அது 8,400 ரூபாய். நூறு நாள் வேலைக் கூலியில் 26 நாள். சிறிய சேனல் நடத்தும் பையன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூலியைத் தாமதிக்கக் கூடாது என்ற நபிமொழியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது உறுத்தத்தான் செய்யும். விலையை நாட்டுக்கு நாடு மாற்றத் தெரிந்த நிறுவனத்துக்கு இந்த வரம்பை மாற்றவும் தெரியாமலா போகும்?

சேனல் நடத்தும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஜூன் முதல், அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வரும் வருமானத்தில் அந்நாட்டு வரி பிடிக்கப்படுகிறது. டபிள்யூ-8 பென் என்ற படிவத்தைக் கணக்கில் நிரப்பி, இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்டால், அமெரிக்கப் பங்கில் மட்டும் 15 விழுக்காடு போகும். நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த மொத்த வருமானத்தில் 24 விழுக்காடு வரை பிடிக்கலாம். 1,000 டாலர் வருமானத்தில் அமெரிக்கப் பங்கு 100 டாலர் என்றால், நிரப்பியவருக்குப் போவது 15 டாலர், நிரப்பாதவருக்கு 240 டாலர். இதற்கு பான் அட்டை எண் வேண்டும். செல்போனிலேயே சிறிது நேரத்தில் முடிகிற வேலை.

நிறுவனங்களின் விலையை நாம் மாற்ற முடியாது. நாமே விலை வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது: வளைகுடாவிலும் மலேசியாவிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிருந்து இணையவழியில் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத்கள், ஆலிமாக்களின் மாதக் கட்டணம். பெரும்பாலும் அதை ரூபாயில் பேசி முடிக்கிறோம். 2014 நடுவில் டாலர் சுமார் 60 ரூபாய். பத்தாண்டில் 84 ஆனது. சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருப்பதால், 16 ரூபாயாக இருந்த ரியால் 22 ரூபாயைத் தாண்டியது. மாதம் 1,000 ரூபாய் என்று பேசியிருந்தால், அன்று 62 ரியால் கொடுத்த தந்தை பத்தாண்டு கழித்து 45 ரியால்தான் கொடுப்பார். உஸ்தாதின் வீட்டு வாடகையும் அரிசி விலையும் அந்தப் பத்தாண்டில் ஏறியிருக்கும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ரூபாய் சரிந்ததன் லாபம் முழுவதும் ஒரு பக்கமே போய்விட்டது.

இதற்கு வழி சுலபம். வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கட்டணத்தை அந்நாட்டுப் பணத்திலேயே பேசுங்கள். எவ்வளவு என்பதற்கு, அங்கே தந்தையின் ஒரு நாள் சம்பளத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால் லேபர் கேம்ப் சகோதரருக்கும் பொறியாளருக்கும் தனித்தனியே நியாயமான தொகை வரும். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊர்க் கட்டணமே இருக்கட்டும். பேசியதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை உண்டியலில் அனுப்பாமல் வங்கி வழியாக அனுப்புங்கள். உண்டியல் சட்டவிரோதம், விசாரணை வந்தால் மாட்டுவது பணம் வாங்கிய உஸ்தாத். ஷவ்வாலில் புதிய பாடம் தொடங்கும்போது, பழைய மாணவர்களின் கட்டணத்தையும் ஒருமுறை எடுத்துப் பேசிக்கொள்ளலாம்.