அக்காள் இருந்த இடத்தில்

1901 மார்ச் மாதம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து பண்ணைவிளை மிஷன் வீட்டில் தஞ்சம் புகுந்தாள். கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்ட வளர்க்கப்பட்டவள். முன்பு ஒருமுறை ஓடிப்போனதற்காக அவள் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். அங்கிருந்த ஐரிஷ் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அவளைத் திருப்பி அனுப்ப மறுத்தார். களக்காட்டு மலையடிவாரத்தில் தோனாவூர் இல்லம் வளர்ந்தது அந்த மறுப்பிலிருந்துதான்.

அங்கே மனநல ஆலோசகர் எவரும் கிடையாது, உறவுமுறைதான் இருந்தது. ஏமி ‘அம்மா’. வெளிநாட்டிலிருந்து ஊழியம் செய்ய வந்த பெண்கள் ‘சித்தி’, நம்மூர்ப் பெண்கள் ‘அக்காள்’, ஆண்கள் ‘அண்ணாச்சி’. திருநெல்வேலி வீடுகளில் கூப்பிடும் அதே பெயர்கள். பல பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது, எனவே இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். காலையில் ஜெபம், பிறகு பாட்டு, தோட்டவேலை. அன்றாடம் எது எப்போது நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. வதைபட்ட குழந்தைக்கு முதலில் வேண்டியது இந்த நிச்சயம்தான் என்று இன்றைய உளவியல் சொல்கிறது. அதை அவர்கள் எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் செய்தார்கள்.

ஆனால் காவலர், நீதிபதி, பூசாரி எல்லாம் அம்மா ஒருவரே. சட்டம் பெரும்பாலும் பெற்றவர், வளர்த்தவர் பக்கமே நின்றதால் வேறு வழியும் இருக்கவில்லை. நீதிமன்றம் ஒப்படைக்கச் சொன்ன ஒரு சிறுமி வேடம் மாறி நாட்டைவிட்டே போனாள். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. அடைக்கலம் தேடி வந்த பிள்ளைக்குப் புதிய வீட்டோடு புதிய மதமும் சேர்ந்தே கிடைத்தது. அவளுக்கு அது வேண்டுமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஏமி 1909இல் வெளியிட்ட ‘லோட்டஸ் பட்ஸ்’ நூலில் குழந்தைகளின் புகைப்படங்கள் நிறைய. அவ்வளவு அன்போடு எடுத்த படங்கள்தான். ஆனால் இன்று ஓர் இல்லம் அப்படி ஒரு புத்தகம் போட்டால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு பாயும். குழந்தையை அடையாளம் காட்டும் படம், பெயர், முகவரி எதையும் வெளியிடக் கூடாது. நன்கொடைத் துண்டுப்பிரசுரமும் தேவாலயத்தின் யூடியூப் நேரலையும் இதற்குள் அடங்கும். நற்செய்திக் கூட்டங்களில் ‘சாட்சி சொல்லு’ என்று பிள்ளையை மேடையேற்றும் பழக்கத்தை இந்த இடத்தில் நிறுத்தியே ஆகவேண்டும். கைதட்டல் ஓய்ந்த பிறகு அவள் மறுநாள் பள்ளிக்குப் போகவேண்டியவள்.

2012இல் வந்த போக்சோ சட்டம் இன்னும் பெரிய திருப்பம். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, தனக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவரானால் ஓராண்டு வரை. போதகர், இமாம், மடாதிபதி என்று யாருக்கும் அதில் விலக்கு எழுதப்படவில்லை. ‘ஜெபத்தில் வைப்போம், வெளியே பேசவேண்டாம்’ என்ற பழைய ஆறுதல் இப்போது குற்றம். நியாயமும் அதுதான். அந்த ஆறுதலால் காப்பாற்றப்பட்டது பெரும்பாலும் குழந்தையாக இருக்கவில்லை.

அப்படியானால் ஜெபத்துக்கு என்ன வேலை? நிறையவே இருக்கிறது. ‘சாமி ஏன் பாத்துக்கிட்டே இருந்துச்சு?’ என்று பிள்ளை கேட்கும். அதற்குச் சட்டத்தில் விடையில்லை. உடனே ஒரு வசனத்தை எடுத்து நீட்டுபவர் அவள் வாயை அடைக்கிறார். ‘எனக்கும் தெரியலம்மா, ஆனா உன் மேல தப்பில்ல’ என்பவரிடம்தான் அவள் அடுத்ததைப் பேசுவாள். தகப்பனால் சிதைக்கப்பட்டவளுக்குப் ‘பிதாவே’ என்று ஜெபிக்கத் தொண்டை அடைக்கும், அதை அவநம்பிக்கை என்று திட்டக் கூடாது. தலையில் கைவைத்து ஜெபிப்பதற்கு முன்னும் ‘தொடலாமா?’ என்று கேட்கவேண்டும். மன்னித்துவிடு என்று அவசரப்படுத்துவது குற்றவாளிக்குச் செய்யும் ஊழியம். இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, வீடிழந்த குழந்தை வளர்ந்த மதத்தையும் மொழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. முருகனைக் கும்பிட்டு வளர்ந்த பிள்ளையின் ஆறுதல் முருகனிடமே இருக்கலாம்.

இந்தப் புதிய சட்ட அமைப்பிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. விசாரணையிலும் வழக்கிலும் துணைநிற்க, போக்சோ விதிகளின்படி குழந்தைநலக் குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கும். வழக்கு முடிந்தால் அவர் வேறொரு கோப்புக்குப் போய்விடுவார். இல்லத்தில் வளர்ந்தவள் பதினெட்டு வயதில் வெளியேற வேண்டும், பின்தொடர் பராமரிப்பும் பொதுவாக 21 வயதோடு சரி. தோனாவூர் அக்காளுக்கு இப்படி ஒரு கடைசித் தேதி இருக்கவில்லை. கலியாணம், பிரசவம், அல்லது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த ஒரு சாதாரண நாள், பழைய பயம் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும். அப்போது அவள் போன் செய்ய ஒரு நம்பர் வேண்டும். ஞாயிறுதோறும் கூடும் ஒரு சபையால், வெள்ளிதோறும் கூடும் ஒரு ஜமாத்தால் அந்த ஒரு ஆளைத் தரமுடியும். அரசு அதற்குப் பதவி எதையும் உருவாக்கவில்லை.