எந்த முகத்துக்கு எந்த ஃபேஷியல்?

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் போதும், பியூட்டி பார்லர்களில் உட்கார இடம் கிடைக்காது. உள்ளே நுழைந்தால் சுவரில் ஒரு பட்டியல். ஃப்ரூட் ஃபேஷியல், பேர்ல் ஃபேஷியல், கோல்டு ஃபேஷியல், டயமண்டு ஃபேஷியல்... பக்கத்திலேயே விலை. "கல்யாணப் பொண்ணாச்சே, கோல்டே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். புடவையைக்கூடப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். முகத்துக்கு மட்டும் விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

பேர் எதுவாக இருந்தாலும் எல்லா ஃபேஷியலிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். முகத்தைச் சுத்தம் செய்வார்கள். ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பார்கள். ஆவி காட்டி, மூக்கில் உள்ள கரும்புள்ளிகளை எடுப்பார்கள். பிறகு கிரீம் தடவி மசாஜ். கடைசியில் பேக். முகம் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், மேலே இருந்த இறந்த செல்கள் நீங்குவதும், மசாஜினால் ரத்த ஓட்டம் கூடுவதும்தான். தங்கத் துகள் தோலுக்குள் புகுந்து நிறத்தைக் கூட்டுவதில்லை. "உங்க சித்த வைத்தியத்திலேயே தங்க பஸ்பம் இருக்கே டாக்டர்?" என்று சிலர் மடக்குவார்கள். அது முறைப்படி புடம் போட்டு, வைத்தியர் அளவு சொல்லி, உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து. கிரீமில் மினுங்கும் ஜிகினாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

ஆகவே பார்க்க வேண்டியது உங்கள் சருமத்தைத்தான். ஒரு லீவு நாளில் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, பவுடர், கிரீம் எதுவும் போடாமல் ஒரு மணி நேரம் சும்மா இருங்கள். பிறகு டிஷ்யூ பேப்பரை நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய் ஒட்டினால் எண்ணெய்ச் சருமம். எங்குமே ஒட்டாமல், முகம் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் வறண்ட சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் ஒட்டினால் இரண்டும் கலந்தது. கப உடம்புக்கு எண்ணெய்ப் பசை, வாத உடம்புக்கு வறட்சி, பித்த உடம்பென்றால் சட்டென்று சிவந்து எரியும் என்று நாங்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

எண்ணெய்ச் சருமக்காரர்கள் முல்தானி மெட்டி போன்ற மண் பேக் கேட்டு வாங்கலாம். மசாஜைக் குறைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் கலந்த கிரீம் வேண்டவே வேண்டாம். வறண்ட சருமத்துக்கு நேர்மாறாக, மசாஜ்தான் முக்கியம். ஆவி சில நிமிடம் போதும். மண் பேக்கைக் காய்ந்து வெடிக்கும்வரை விட்டால் இருக்கிற ஈரமும் போய்விடும். கலந்த சருமத்துக்கு நெற்றி, மூக்குக்கு ஒரு பேக், கன்னத்துக்கு வேறொன்று போடச் சொல்லிக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் முகம் சுளிக்க மாட்டார்.

சீழ் வைத்த முகப்பரு இருக்கிறதா? அது ஆறும்வரை ஃபேஷியலே வேண்டாம். ஸ்க்ரப்பும் மசாஜும் பருவை உடைத்து, வீக்கத்தை அதிகமாக்கி, தழும்பில் கொண்டுபோய் விடும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் மெலிந்து, சுலபத்தில் உரியும். பார்லரில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கன்னத்தில் மங்கு படர்ந்தவர்கள் ஆவியையும் பிளீச்சையும் தவிருங்கள். சூடும் எரிச்சலும் மங்கை இன்னும் கருக்க வைக்கும். கர்ப்பிணிகளும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் மின்சாரம் செலுத்தும் கால்வானிக் ஃபேஷியல் பக்கம் போக வேண்டாம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தாய் தன் மகளை என்னிடம் அழைத்து வந்தார். முகூர்த்தத்துக்கு இரண்டே நாள். கன்னம் இரண்டும் சிவந்து வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. "பிளீச் பண்ணிட்டு உடனே ஃபேஷியலும் பண்ணினாங்க சார், அப்போலேருந்து எரியுது" என்றாள் அந்தப் பெண். விசாரித்தால், தோழி கொடுத்தாள் என்று ஆறு மாதமாக ஒரு சிவப்பழகு கிரீம் போட்டு வந்திருக்கிறாள். டியூபை வாங்கிப் பார்த்தேன். ஸ்டீராய்டு! மாதக் கணக்கில் அதைப் பூசினால் தோல் மெலிந்துவிடும். அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் சேர்ந்த பிளீச் பட்டால் எப்படித் தாங்கும்? குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றச் சொல்லி, தோல் டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். மணமேடையில் மேக்கப் இல்லாமல்தான் உட்கார்ந்தாள். இந்த வகை கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்தாயிற்று. ஆனாலும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

எந்தப் புது கிரீமையும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் பார்த்த பிறகே முகத்துக்கு வர வேண்டும். கல்யாணப் பெண்கள் ஒரு மாதம் முன்பே ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். ஒத்துக்கொண்டால் அதே ஃபேஷியலை முகூர்த்தத்துக்கு ஐந்தாறு நாள் முன்பு செய்துகொள்ளலாம். கடைசி நேரத்தில் புதுசு எதுவும் வேண்டாம். மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள சுமார் 28 நாள் பிடிக்கும். வயது ஏற ஏற இன்னும் கூடும். வாரா வாரம் தேய்த்தால் புதுத்தோலும் சேர்ந்து போகும்.

"மூலிகை ஃபேஷியல்தானே, ஒண்ணும் செய்யாது" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நலங்கு மாவில் சிலர் கார்போகரிசி சேர்ப்பார்கள். அது நல்ல மருந்துதான். ஆனால் அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும். எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். எனவே மூலிகையோ, பழமோ, என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள். கூடியவரை வெயில் தாழ்ந்த பிறகு ஃபேஷியல் செய்துகொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். அன்றைக்கு சோப்பு, திரெடிங், வாக்ஸிங் எதுவும் வேண்டாம்.

நாற்காலியில் சாய்வதற்கு முன் கண்ணை ஓட்டுங்கள். டவல் புதிதா, முந்தைய ஆளுக்குப் போட்டதா? ஸ்பாஞ்சு யாருடையது? கரும்புள்ளி எடுக்கும் கருவியைக் கொதிக்க வைத்தார்களா? டப்பாவிலிருந்து கிரீமை விரலால் வழித்து எடுக்கிறார்களா, ஸ்பூனாலா? பதில் சரியில்லை என்றால், முன்பணம் கொடுத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.