குடிநோயும் குடும்பத்தின் கடமையும்

வள்ளுவப் பெருந்தகை ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். இராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார், 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது, 1971இல் தளர்த்தப்பட்டது. இவ்வாறு அறமும் சட்டமும் குடியைத் தடுக்க முனைந்தன. ஆயின், குடிக்கு அடிமையாகிவிட்ட ஒருவரை மீட்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண நாம் மருத்துவத்தையும் நாடவேண்டும்.

மது, மூளையின் செயலை மந்தப்படுத்தும் பொருள். நாள்தோறும் மிகுதியாக அருந்துவோரின் மூளை, அம்மந்தத்தை ஈடுசெய்யத் தன்னை மிகைக் கிளர்ச்சியில் வைத்துப் பழகிக்கொள்கிறது. முன்பு போதை தந்த அளவு பின்பு போதாமற்போவது இதனால்தான். திடீரென மது நின்றால் அக்கிளர்ச்சி கட்டவிழ்கிறது. கைநடுக்கமும் உறக்கமின்மையும் தோன்றும்; சிலருக்கு வலிப்பும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் மனக்குழப்பமும் ஏற்பட்டு, உயிருக்கே உலை வைக்கும். “மன உறுதி இருந்தால் விட்டுவிடலாமே!” எனக் கடிந்து, வீட்டு அறையில் பூட்டிவைப்பது எத்துணை ஆபத்தானது என்பது இதனால் விளங்கும். மதுவை நிறுத்துவதும் மருத்துவர் கண்காணிப்பில் நிகழவேண்டும்.

கல்லீரல் கெடுதல், கணைய அழற்சி, பலவகைப் புற்றுநோய்கள் ஆகியன குடியின் நெடுநாள் விளைவுகள். ஹெராயினும், போதைக்காக விழுங்கப்படும் சிலவகை வலிநீக்கி மாத்திரைகளும் அளவு மீறினால் மூச்சையே நிறுத்திவிடும். அவற்றோடு மதுவும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும்.

உடலைக் கெடுக்கும் இந்நோயை வளர்ப்பது பெரும்பாலும் நாணமே. கணவர் குடித்துவிட்டுக் கிடக்கையில் “காய்ச்சல்” என்று அலுவலகத்திற்குச் சொல்கிறாள் மனைவி. மகன் பட்ட கடனை ஊரறியாமல் அடைக்கிறார் தந்தை. மானத்தைக் காக்கச் செய்யும் இச்செயல்கள், நோயாளி தன் நிலையை உணரும் நாளைத் தள்ளிப்போடுகின்றன.

அந்நாணத்தை வென்ற ஒருவரைச் சென்னை அறியும். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அத்துயரை மறைக்கவில்லை. கணவர் பெயரிலேயே 1980இல் டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். நம் தேனாம்பேட்டைக்குச் சிறிது தொலைவில், அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதன் வழி வந்ததே. அங்கே நோயாளிக்கு மருந்தும் அறிவுரையும் வழங்குவதோடு, குடும்பத்தாருக்கும் தனியே வழிகாட்டுகின்றனர். அம்மையாருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

சிகிச்சைக்குப் பின் ஒருவர் மீண்டும் வழுக்கி விழலாம். நீரிழிவு கூடிக் குறைவதுபோல் அதுவும் நோயின் இயல்பே. கைவிடுவதற்குக் காரணம் ஆகாது.

மாணவச் செல்வங்களே! முதல் கோப்பையை மறுப்பது நம் கையில் உள்ளது. நம் இல்லத்தில் ஒருவர் ஏற்கெனவே சிக்கியிருப்பின், 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைப்பதும் நம் கையில் உள்ளது. பெரியோர்களே! குடிப்பவரின் வீட்டைப் பழிக்காதிருப்போம். பழிச்சொல்லுக்கு அஞ்சாத குடும்பமே மருத்துவரின் வாயிலை விரைந்து அடையும்.