கல்முனைச் சாலையில் ஒரு பெயர்

நிந்தவூரில் பஸ் ஏறி வடக்கே செல்வோர், காரைதீவையும் சாய்ந்தமருதையும் கடந்து சிறிது நேரத்தில் கல்முனையை அடைந்துவிடலாம். அண்மையில் நாம் அவ்வாறு சென்றபோது, உடன் வந்த மாணவர் சிலர், "பாத்திமாவில் படிக்கிறோம்" என்றனர். கார்மேல் பாத்திமா கல்லூரியையே அவர்கள் குறிப்பிட்டனர். கத்தோலிக்கக் கன்னியர் பேணி வளர்த்த அக்கல்லூரி இன்று தேசிய பாடசாலையாகும்.

எம்மவர் இல்லங்கள்தோறும் ஒரு பாத்திமா உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளாரின் திருநாமம் அது. கத்தோலிக்கரின் பள்ளிக்கு அப்பெயர் வாய்த்தது எங்ஙனம்? போர்த்துக்கல் தேசத்திலே, முஸ்லிம்கள் ஆண்ட காலத்தின் எச்சமாக அவ்வரபுப் பெயரைத் தாங்கிய ஊர் ஒன்றுண்டு. 1917 ஆம் ஆண்டில் அங்கே மரியன்னை மூன்று சிறார்க்குக் காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர் நம்புகின்றனர். 1626 இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் இக்கரையில் இடமளித்தான் என்பது வரலாறு. துரத்தியோர் நாட்டுப் பெயர், அதுவும் நம் பெயர், கடல்கடந்து இங்கே வந்து சேர்ந்த வேடிக்கையை என்னென்பது!

மெதடிஸ்தர் அதற்கும் முந்தியவர். 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் என்னும் போதகர் ஓராண்டு நிறையுமுன்னரே காலமானார். மேற்கு ஆபிரிக்காவின் கேப் கோஸ்ட் துறைக்கு 1835 இல் சென்ற அதே சபையினரான ஜோசப் டன்வெலுக்கும் ஆறு மாதம்கூட வாய்க்கவில்லை. ஆயினும் ஈரிடத்தும் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. 1892 இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பின்னர் இந்துத் துறவியானார். எழுத்தறிவித்தவரின் சமயம் என்றே எம் பகுதியார் கிறிஸ்தவத்தை அறிந்திருந்தனர்.

அதனாலேயே 2019 ஏப்ரல் 21 ஆந் திகதி எம்மை உலுக்கிவிட்டது. அன்று உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறார் பலர் மாண்டனர். குண்டைச் சுமந்து சென்றவன் முஸ்லிம் பெயர் தாங்கியவன். ஐந்து நாட்களின் பின்னர், அக்கூட்டத்தார் பதுங்கியிருந்த சாய்ந்தமருது வீட்டின்மீது ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. அன்றிரவு அவ்வீட்டிலும் குண்டுகள் வெடித்தன. அங்கும் குழந்தைகள் மடிந்தனர்.

மே மாதம் பாடசாலைகள் மீண்டும் திறந்தபொழுது, வாயிலிலே பிள்ளைகளின் புத்தகப் பைகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன.