பழைய வேன் வாங்கப் போகிறீர்களா?



மேல்நாடுகளில் படுக்கையும் அடுப்பும் பொருத்திய வாகனத்தில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவார்கள். நமக்கோ பாயும் சோற்றுச் சட்டியும் ஏற்றிய பழைய வேன்தான் நடமாடும் வீடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வேன்களின் விலையும் ஏறிற்று. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரிச்சுமையால் புதியது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. ஆகவே பழையதை நிதானமாகத் தெரிவு செய்யுங்கள்.

மினுங்கும் பெயின்ட்டில் மயங்காதீர்கள். எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் சென்று ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். சமதரையில் பிரேக்கைச் சோதித்த பின், நாலு பேரை ஏற்றிக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஓட்டுங்கள். எஞ்சின் சூடேறுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். நம்பிக்கையான பாஸ் ஒருவரைக் கொண்டு அடிப்பாகத்துத் துருவையும் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீக்கப்படும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மறைத்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது மார்க்கச் சட்டம்.

கைப்பணம் போதாவிட்டால் வட்டிக்கு ஓடாதீர்கள். சிறிய வேனே போதும். பரக்கத் வாகனத்தின் அளவில் இல்லை.