சாலையை மறித்தால்தான் டில்லிக்குக் காது கேட்குமா?

பொம்மனஹள்ளி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஓசூர் ரோடும், அதில் நகராமல் நிற்கும் வண்டிகளும்தான். அந்த வட்டாரத்துக் கார்மெண்ட்ஸ் பாக்டரிகளுக்குள் காலையில் டிபன் பாக்ஸுடன் நுழையும் பெண்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் 2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், டில்லி சர்க்கார் பிறப்பித்த ஓர் உத்தரவை இரண்டே நாளில் ரத்து செய்ய வைத்தவர்கள் இந்தப் பெண்கள்தான்.

ஏப்ரல் 18, திங்கட்கிழமை. வேலைக்கு வந்தவர்கள் மெஷினை விட்டு எழுந்து வந்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். எந்தச் சங்கமும் அவர்களை அழைக்கவில்லை. எந்தக் கட்சித் தலைவரும் முன்னே நிற்கவில்லை. ஓசூர் ரோடு மணிக்கணக்கில் ஸ்தம்பித்தது. மறுநாள் கிளர்ச்சி நகரின் வடக்கே பீன்யா, ஜாலஹள்ளி, தெற்கே ஹெப்பகோடி என்று பரவியது. கல்வீச்சு, தடியடி, கண்ணீர்ப்புகை, பஸ் எரிப்பு என்று வேண்டாதவையும் நடந்தன. அன்று மாலையே, உத்தரவு ரத்து என்று அப்போதைய மத்திய தொழிலாளர் மந்திரி பண்டாரு தத்தாத்ரேயா அறிவித்தார்.

உத்தரவு என்ன?

விஷயம் பி.எப். பணம். தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவிகிதம் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 12 சதவிகிதம் கட்டுகிறார். முதலாளி கட்டுவதில் 8.33 சதவிகிதம் பென்ஷன் நிதிக்குப் போய்விடும். மீதி 3.67 சதவிகிதம்தான் தொழிலாளியின் பி.எப். கணக்கில் சேரும். வேலையை விட்டவர் இரண்டு மாதம் கழித்து இரண்டு பங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

2016 பிப்ரவரி 10-ந் தேதி வெளியான அறிவிக்கை இதை மாற்றியது. உன் பங்கை வட்டியுடன் எடுத்துக்கொள், முதலாளி பங்கை 58 வயது வரை தொடக்கூடாது என்றது.

உதாரணத்துக்கு, மாதம் 8,000 ரூபாய் வாங்கும் ஒரு டெய்லரை எடுத்துக்கொள்வோம். முதலாளி பங்கில் அவர் கணக்கில் சேருவது மாதம் சுமார் 294 ரூபாய். ஐந்து வருஷத்தில், வட்டி சேராமலே, பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. டில்லியில் பைல் பார்ப்பவருக்கு இது சின்னத் தொகை. ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவருக்கு இது வீட்டு அட்வான்ஸ், பெண்ணின் காலேஜ் பீஸ், வட்டிக்கடைக்காரரிடமிருந்து மூக்குத்தியை மீட்கும் பணம்.

முதுமைக்குச் சேமிக்க வேண்டும் என்ற நோக்கம் தப்பானதல்ல. ஆனால் 58 வயது வரை தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்? முதுகு வலியும் கண் மங்கலும் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிடுகின்றன. இதை பொம்மனஹள்ளியில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

ஒரே கோடையில் மூன்று வாபஸ்

இது கார்மெண்ட்ஸ் பெண்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. குமாஸ்தா வேலை பார்க்கும் நம் வாசகர்களுக்கும் அதே வருஷம் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பிப்ரவரி 29-ந் தேதி பட்ஜெட்டில், இனிமேல் செலுத்தப்படும் பி.எப். தொகையை எடுக்கும்போது அதில் 60 சதவிகிதத்துக்கு வரி என்று நிதி மந்திரி அருண் ஜெட்லி சொன்னார். ஆபீஸ் ஊழியர்களிடையே பெரும் எதிர்ப்பு கிளம்பியது. மார்ச் 8-ந் தேதி பார்லிமெண்டில் அவரே வாபஸ் பெற்றார்.

ஏப்ரல் கடைசியில் இன்னொன்று. பி.எப். மத்திய அறங்காவலர் குழு 8.8 சதவிகித வட்டி என்று முடிவு செய்திருக்க, நிதி இலாகா அதை 8.7 என்று குறைத்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும், ஏப்ரல் 29-ந் தேதி மீண்டும் 8.8 ஆனது.

மூன்று மாதத்துக்குள் மூன்று முடிவுகள், மூன்றும் வாபஸ். வாபஸ் வாங்கியது நல்லதுதான். ஆனால் கூச்சல் எழுந்த பிறகுதான் யோசிப்பது என்பதை ஓர் ஆட்சிமுறையாகவே வைத்துக்கொள்வதா? அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது தாய்க்கும் பிள்ளைக்கும் சரி. சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் அது சரிப்படாது. உரத்து அழத் தெரியாதவர்கள் இந்த நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். மேலும், அழுவதற்கும் விலை உண்டு. அந்த இரண்டு நாளில் அடிபட்டவர்களும் கைதானவர்களும் அந்த விலையைக் கொடுத்தார்கள். இதில் எந்தக் கட்சி ஆள்கிறது என்பது பெரிய வித்தியாசமில்லை. எந்தக் கட்சி வந்தாலும் மேலே முடிவு, கீழே அதிர்ச்சி என்ற பழக்கம் மட்டும் மாறுவதில்லை.

வழி இல்லாமல் இல்லை

கேட்டுவிட்டு முடிவெடுக்க வழியே இல்லையா? இருக்கிறது. பி.எப். சட்டப்படி, அறங்காவலர் குழுவில் தொழிலாளர் தரப்பில் 10 பேர் உட்கார வேண்டும். ஆனால் கார்மெண்ட்ஸ் பெண்களில் பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் இல்லை. அந்த மேஜையில் அவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

புதிய சட்டம் கொண்டுவருமுன் அதன் நகலைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014-லேயே மத்திய சர்க்கார் ஒரு கொள்கை வகுத்தது. ஆனால் அது கொள்கைதான், சட்டமல்ல. அதைச் சட்டமாக்க வேண்டும். தொழிலாளியின் பணத்தைத் தொடும் ஒவ்வோர் அறிவிக்கைக்கும் அது பொருந்த வேண்டும். நகல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமல்லாமல் தமிழிலும் கன்னடத்திலும் பாக்டரி நோட்டீஸ் போர்டுக்கு வர வேண்டும். இதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் உண்டு. சென்னையில் பிறந்த அருணா ராய், ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டு ராஜஸ்தான் கிராமத்துக்குப் போனவர். நிவாரண வேலை செய்த ஏழைகளுக்கு முழுக்கூலி கிடைக்கவில்லை. "மஸ்டர் ரோலைக் காட்டு" என்று அவர்கள் கேட்டார்கள். 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அந்தக் கோரிக்கை வளர்ந்து, 2005-ல் நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. கூலிக்காரர்கள் கேட்ட கேள்வி, பார்லிமெண்டின் சட்டமானது. தலைவர்கள் தாமாகக் கொடுத்த சீர்திருத்தமல்ல இது. கீழே இருந்தவர்கள் விடாமல் கேட்டு வாங்கியது.

மீண்டும் அதே கேள்வி

2016-ல் முடிந்துபோன கதை என்று இருந்துவிட முடியாது. 2025 அக்டோபர் 13-ந் தேதி அறங்காவலர் குழு கூடிப் புதிய முடிவுகள் எடுத்தது. வேலை போனவர் 75 சதவிகிதத்தை உடனே எடுக்கலாம். மீதி 25 சதவிகிதத்தையும் சேர்த்து முழுவதும் எடுக்க, இரண்டு மாதத்துக்குப் பதில் 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இதில் வசதியும் உண்டு, சிரமமும் உண்டு. பாக்டரி மூடி ஊருக்குத் திரும்பும் ஒரு குடும்பம் அந்த ஒரு வருஷத்தை எப்படித் தள்ளும் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

நம் பங்கும் ஒன்று இருக்கிறது. பொம்மனஹள்ளி, பெங்களூர் தெற்கு பார்லிமெண்ட் தொகுதியைச் சேர்ந்தது. 2024 ஏப்ரல் 26-ல் இங்கே பதிவான ஓட்டு சுமார் 53 சதவிகிதம்தான். நம்மவர்களில் பலருக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊரில் கிடக்கிறது. தேர்தல் நாளில் பஸ் சார்ஜ் கொடுத்துப் போக முடியாமல் இரண்டு இடத்திலும் இல்லாதவர்களாகிவிடுகிறார்கள். பெயர் பட்டியலில் இல்லாத தெருவுக்கு எந்த வேட்பாளர் வருவார்? இங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள், படிவம் 8 எழுதிக்கொடுத்துப் பெயரை இந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம். செலவில்லை.

அடுத்த முறை கைகூப்பி ஓட்டுக் கேட்டு வருபவரிடம், கட்சி எது, சின்னம் எது என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். "எங்கள் பி.எப். விதியை மாற்றுமுன் எங்களைக் கேட்பீர்களா? கேட்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவர டில்லியில் பேசுவீர்களா?" என்று கேளுங்கள். பதிலை நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் உட்கார்ந்து இரண்டு நாளில் சாதித்தவர்கள், வீட்டு வாசலில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.