கில்கென்னி நகரின் கார்ட்டூன் கலைஞர்கள்

அயர்லாந்து நாட்டின் தென்கிழக்கே கில்கென்னி என்னும் பழைய கோட்டை நகரம் உள்ளது. அச்சிறிய ஊரிலிருந்து உலகம் போற்றும் கார்ட்டூன் படங்கள் வெளிவருகின்றன என்றால் வியப்பாக இல்லையா? அவற்றைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர் 'கார்ட்டூன் சலூன்'. சலூன் என்றதும் முடி திருத்தும் கடை என்று எண்ணிவிடாதீர்கள்! டாம் மூர், நோரா டூமி, பால் யங் ஆகியோர் 1999-ஆம் ஆண்டில் நண்பர்களோடு தொடங்கிய சித்திரக்கூடம் அது.

மூவரும் டப்ளின் நகரில் பாலிஃபெர்மட் கல்லூரியில் இக்கலையைப் பயின்றவர்கள். அங்கு இயங்கிவந்த பெரிய அமெரிக்க கார்ட்டூன் நிறுவனம் 1995-இல் மூடப்பட்டது. வேலை தருவார் இல்லாத நிலையில், தாமே வேலையை உண்டாக்கிக்கொள்ள இவர்கள் துணிந்தனர். விளம்பரப் படங்கள் முதலிய சிறு பணிகள் செய்து நிறுவனத்தைக் காத்தனர்.

கார்ட்டூன் படம் எப்படி உருவாகிறது? திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரு முறை காட்டினாலும் விநாடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். அப்படியானால் ஒரு நிமிடத்திற்கு 720 சித்திரங்கள்! மற்றவர்கள் கணிப்பொறியால் பொம்மை போன்ற உருவங்களை அமைத்தபோது, இவர்கள் கையால் வரையும் முறையையே விரும்பிப் பின்பற்றினர்.

இவர்களது முதல் முழுநீளப் படம் 'கெல்ஸின் இரகசியம்' (2009). நான்கு நற்செய்திகளையும் கொண்ட கெல்ஸ் நூல், ஏறக்குறைய கி.பி. 800-இல் துறவியர் தோலில் எழுதி வண்ணம் தீட்டிய கையேடு. இன்று அது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது. அந்நூலின் சுருள்களும் பின்னல்களுமே படத்தின் சித்திர பாணியாயின. டாம் மூர் இயக்க, நோரா டூமி இணை இயக்குநராகப் பணியாற்றினார். பால் யங் தயாரிப்பாளர்களுள் ஒருவர். பின்னர் கடல்நாய்ப் பெண்ணின் கதையான 'கடலின் பாடல்' (2014), 1650-ஆம் ஆண்டின் கில்கென்னியைக் காட்டும் 'வுல்ஃப்வாக்கர்ஸ்' (2020) ஆகியவற்றையும் டாம் மூர் படைத்தார்.

நோரா டூமியின் வாழ்க்கை மாணவியராகிய நாம் அறியத்தக்கது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். ஓவிய ஆர்வமே அவரை மீண்டும் கல்விக்கு அழைத்து வந்தது. அவர் தனியே இயக்கிய முதல் முழுநீளப் படம் 'குடும்பம் காப்பவள்' (2017). டெபோரா எல்லிஸ் எழுதிய நாவலைத் தழுவிய இப்படத்தில், காபூல் நகரச் சிறுமி பர்வானாவின் தந்தை சிறைப்படுகிறார். தாலிபான் ஆட்சியில் ஆண் துணையின்றிப் பெண்கள் வெளியே செல்ல இயலாது. எனவே அவள் முடியை வெட்டிக்கொண்டு, சிறுவன் வேடத்தில் உழைத்து வீட்டாரைக் காக்கிறாள். இது வெறுங்கதையன்று. 2021-இல் தாலிபான் மீண்டும் ஆட்சியைப் பிடித்தபின், ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பள்ளிக் கதவுகள் அடைபட்டன. நாம் அன்றாடம் சலிப்போடு தூக்கிச் செல்லும் புத்தகப் பை எத்தகைய செல்வம் என்பதை எண்ணிப் பாருங்கள்!

மேற்கூறிய நான்கு படங்களும் ஆஸ்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றன. ஒன்றும் பரிசு பெறவில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் இவர்கள் மனம் தளராமல் அடுத்த படத்திற்குப் பென்சிலை எடுத்தனர். சொந்த ஊரின் கதையைச் சொந்தக் கையால் வரைந்து உலகிற்குத் தந்தனர். நம் பாட்டிமார் சொல்லும் கதைகளும், வாசலில் நாம் போடும் கோலங்களும் இப்படி வரையும் கைகளுக்காகக் காத்திருக்கின்றன அன்றோ?